செவ்வாய் வெள்ளி கண் முறை

அறிக்கையில் ஒட்டுவதற்கு நல்லதாக ஒரு படம் எடுக்கலாம் என்றுதான் ஜனார்த்தனன் தர்மபுரத்து இணைப்பின் வரைபடத்தைத் திறந்தான். டவர் கொடுத்த ஒரு மாதத்து வேகம் ஒரு கோடாகத் திரையில் விரிந்தது. பார்த்தான். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தான்.

கோடு கிழமை முழுக்கத் தரையோடு கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சுவர் மாதிரி எழும்பியது. பன்னிரண்டுக்கு விழுந்தது. வெள்ளிக்கிழமையும் பத்துக்கு எழும்பிப் பன்னிரண்டுக்கு விழுந்தது. மாதத்தின் நான்கு கிழமையும் அப்படியே. இணைய வேகம் வரும், போகும். மணிக்கூடு பார்த்து வராது. அவனுக்கு அது தெரியும். அவன் படித்த கொஞ்சத்தில் அதுவும் ஒன்று.

கம்பஸை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். பிறகு கொழும்பில் ஒரு கம்பனியில் இரண்டு வருடம் இரவு வேலை, யாருடையவோ கணினிகள் படுத்துவிடாமல் காவல் இருப்பது. அதையும் விட்டான். இருபத்தெட்டு வயதில் விட்டுவிட்டு வந்தவை மட்டுமே கையில் இருந்தன. அப்படி இருக்கும்போது கிடைத்ததுதான் இந்த மூன்று மாத ஒப்பந்தம். முடிகிற நேரத்தில் வேலையை நிரந்தரமாக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுக்குக் காரணமே தர்மபுரம்தான்.

கண் பரிசோதனை செய்யும் அந்த நிறுவனத்துக்கு வன்னியில் நான்கு இடங்கள். கிளிநொச்சியில் தலைமை அலுவலகம். மல்லாவி, பூவரசங்குளம், தர்மபுரம் மூன்றிலும் இரண்டு அறையளவில் ஒவ்வொரு நிலையம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களின் கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுக்கும் கருவி ஒவ்வொன்றிலும் ஒன்று. படத்தைப் பார்த்துச் சொல்லும் டொக்டர் செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பத்து மணி தொடங்கிப் பன்னிரண்டு வரை கிளிநொச்சியில் இருப்பார். படம் கலங்கியிருந்தால் அந்த நேரத்துக்குள்ளேயே திரும்ப எடுக்க வேண்டும். கண்ணுக்கு மருந்து விட்டு, மூன்று மணித்தியாலம் சைக்கிள் ஓட முடியாமல் செய்த ஒருவரிடம் இன்னொரு நாளைக்கு வா என்று சொன்னால் அவர் வரமாட்டார்.

நான்கு இடத்தையும் ஒரே வலையமைப்பாகக் கட்டுவது ஜனார்த்தனனின் பொறுப்பு. கிளிநொச்சிக்கு பைபர் வந்திருந்தது. மல்லாவிக்கும் பூவரசங்குளத்துக்கும் பாதகமில்லாத டவர். தர்மபுரத்து நிலையத்துக்கு எட்டியது ஒரேயொரு டவர். ஊர் முழுக்க அதன் தலையில்தான் ஏறி இருந்தது. ஒரு நோயாளியின் நான்கு படங்கள் கிளிநொச்சியை வந்து சேரக் கால் மணித்தியாலம் எடுத்தது. பாதியில் அறுந்தால் முதலிலிருந்து.

"ஒருத்தருக்கு அஞ்சு நிமிசம். அதுக்கு மேல போனால் அந்த இடத்தில நிலையம் வச்சுப் பிரயோசனம் இல்லை," என்றார் பணிப்பாளர் சிவனேஸ்வரி. "ஒரு மாசம் பாப்பம். சரிவராட்டி மிசினைக் கழட்டி இஞ்ச கொண்டு வாறதுதான்."

ஜனார்த்தனன் ஒரு நாள் போய் ரவுட்டரின் செட்டிங்கை மாற்றிவிட்டு வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கால் மணித்தியாலம் இருபது விநாடியாகக் குறைந்தது. சிவனேஸ்வரி வந்தவர் போனவரிடமெல்லாம் "எங்கட ஜனார்த்தனன்" என்று சொல்லத் தொடங்கினார். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது இந்தக் கோடு. மாதத்தின் கடைசி வெள்ளி அடுத்த நாள். அதோடு அறிக்கை. அறிக்கையில் அவன் கையெழுத்து.

வெள்ளி காலை மோட்டார் சைக்கிளில் பரந்தன் சந்தியால் திரும்பினான். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆளை றோட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தது. தர்மபுரத்துக்குள் நுழையும் இடத்தில் ராசுவின் கடை: போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புதல், போன் ரீலோட். வேகத்தை அளக்க இன்னொரு சிம்முக்கும் டேட்டா போட்டுக்கொள்வோம் என்று நிறுத்தினான்.

"டேட்டா போடலாம் தம்பி," என்றார் ராசு. "ஆனால் பாவிக்கேலாது."

"ஏன்?"

ராசு தலைக்கு மேலே கை காட்டினார். ஒரு மட்டையில் நீலப் பேனையால் பெரிதாக எழுதித் தொங்கியது: "செவ்வாய் வெள்ளி 10 - 12 கண் முறை. நெற் இல்லை. கேட்க வேண்டாம்."

"கண் முறையோ? அப்பிடியெண்டால்?"

"ஊருக்குப் புதுசோ? கண் ஆஸ்பத்திரிக்கு நெற் விடுறது. பத்தாகப் போகுது, உங்கட போனில நெற்றையும் நிப்பாட்டுங்கோ." மணிக்கூட்டைப் பார்த்தார். "போன வெள்ளி ஒருத்தர் பதினொண்டுக்கு வந்து விசாப் படிவம் அனுப்பச் சொல்லி நிண்டார். பன்னிரண்டுக்கு வாங்கோ எண்டனான். லண்டனுக்குப் போற ஆளாம். நான் சொன்னன், ஒரு மணித்தியாலத்தில லண்டன் எங்கயும் ஓடிப்போகாது எண்டு."

ஜனார்த்தனன் போனில் நெற்றை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த மட்டைக்குக் கீழே நின்றுகொண்டு நிறுத்தாமல் இருக்க முடியவில்லை.

நிலையத்தில் ராஜினி முதல் ஆளுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது தாண்டிய மெல்லிய பெண். அந்த நிலையமே அவள்தான். பதிவதும் படம் எடுப்பதும் கூட்டிக் கழுவுவதும் அவள். தகப்பன் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து ஓடிவந்து இங்கே மேட்டுக்காணியில் கொட்டில் போட்டவர். வயல் கிடைக்கவில்லை. ராஜினியின் தமையனுக்குச் சீனி கண்ணில் ஏறியபோது, இரண்டு பஸ் மாறிக் கிளிநொச்சிக்குப் போகிற அளவுக்கு அது அவசரம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. இப்போது அவருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். இந்தக் கருவி கிளிநொச்சிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை ராஜினிக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"ராஜினி அக்கா, கண் முறை எண்டால் என்ன?"

அவள் நோயாளியின் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்தாள். "நீங்கள் சொன்னதைத்தான் செய்தம்."

"நான் என்ன சொன்னனான்?"

"அண்டைக்கு வந்து மிசினைத் திருத்தேக்க, வாங்கில காத்துக்கொண்டிருந்த சனம் ஏன் இவ்வளவு நேரம் எண்டு கேட்டது. வாய்க்கால் மாதிரித்தான் எண்டியள். மேல இருக்கிறவை எல்லாம் மடையைத் திறந்து வச்சிருந்தால் கடைசி வயலுக்கு என்ன வரும் எண்டு கேட்டியள்."

"அது விளங்கிறதுக்காகச் சும்மா சொன்னது அக்கா."

"எங்களுக்கு விளங்கிட்டுது தானே."

உண்மையில் அவன் அதை அவர்கள் விளங்குவதற்காகக்கூடச் சொல்லவில்லை. கேள்வி கேட்பவர்கள் வாயை மூடினால் வேலையைப் பார்க்கலாம் என்று சொன்னது. ஆனால் அந்த நீள மர வாங்கில் இருந்தவர்கள் ஐம்பது வருடமாக வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுபவர்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது என்று ஒருவன் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். முறை வைப்பார்கள். இன்ன கிழமை, இன்ன நேரம், இன்ன வயல். அந்த நேரத்தில் மற்ற மடைகள் பூட்டு.

அந்தக் கிழமையே விவசாயிகளின் கமக்கார அமைப்புக் கூட்டம் இருந்தது. ராஜினி போனாள். வயல் இல்லாத வீட்டுப் பெண் அந்தக் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"ஒருத்தர் கேட்டார், வயலில்லாதவைக்கு என்னத்துக்கு முறை எண்டு," என்றாள். "நான் சொன்னன், எனக்கில்லை, உங்கட கண்ணுக்குத்தான் கேக்கிறன் எண்டு. கூட்டத்தில பாதிப் பேருக்குச் சீனி. மிச்சப் பாதிக்குச் சீனி எண்டு இன்னும் தெரியாது. வச்சினம்."

"முழு ஊரும் நிப்பாட்டுதோ?"

"ரியூசன் வகுப்பு வீடியோவைப் பின்னேரத்துக்கு மாத்தினவை. கலியாண வீடு ஒண்டு நேரலை போட இருந்தது, முகூர்த்தம் பன்னிரண்டே காலுக்கு எண்டபடியால் தப்பிச்சுது." அவள் சிரிக்காமல் சொன்னாள். "நீங்கள் வேலையை முடிச்சிட்டியள் எண்டுதான் நாங்களும் நினைச்சம். உங்கட பங்கு அது, எங்கட பங்கு இது."

ஜனார்த்தனன் மடிக்கணினியைத் திறந்து ரவுட்டருக்குள் போனான். தன் பங்கைப் பார்க்க.

பார்க்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. கிளிநொச்சிக்கு எழுதிய செட்டிங்கைப் பிரதி எடுத்து மற்ற மூன்று இடத்துக்கும் போட்டிருந்தான். பெயரை மாற்றியிருந்தான், முகவரியை மாற்றியிருந்தான். ஒரு வரியை மாற்றவில்லை. உன்னுடைய வழியின் அகலம் இவ்வளவு என்று ரவுட்டருக்குச் சொல்லும் வரி. அதில் நூறு என்று இருந்தது. கிளிநொச்சி பைபரின் நூறு. தர்மபுரத்தில் நெரிசல் நேரத்தில் மேலே போகக் கிடைப்பது ஒன்றுக்கும் குறைவு.

ரவுட்டர் சொன்னதை நம்பும். வழி நூறு அகலம் என்று நம்பிய ரவுட்டர், இடம் தாராளமாகக் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே விட்டது: கண் படங்கள், பதிவுக் கணினி தானாக இறக்கி ஏற்றும் அப்டேட்டுகள், நிலையத்து வைபையைப் பாவிக்கும், வாங்கில் இருப்பவர்களின் போன்கள். எல்லாம் போய் டவரில் முட்டுப்பட்டன. அங்கே ரவுட்டரின் கை எட்டாது. கண் படத்துக்கு முதலிடம், அப்டேட்டுக்குக் கடைசி இடம் என்று அவன் இரண்டு நாள் இருந்து எழுதிய விதிகள் ஒருநாளும் வேலை செய்திருக்கவில்லை. வரிசை வந்தால்தானே முதலிடம் கடைசியிடம். மல்லாவியிலும் பூவரசங்குளத்திலும் வழி அகலம், அதனால் பிழை வெளியே தெரியவில்லை. இங்கே தெரிந்திருக்க வேண்டும். ஊர் அதைத் தன் கையால் பொத்தி வைத்திருந்தது.

அவன் அந்த வரியில் புள்ளி ஏழு என்று எழுதினான். மிக மோசமான நேரத்தில் கிடைப்பதற்கும் சற்றுக் குறைவாக. இப்போது வரிசை ரவுட்டருக்குள்ளேயே நிற்கும். படம் முதலில் போகும். கணக்குப்படி ஒருவருக்கு மூன்றரை நிமிடம். ஐந்துக்குள்.

கணக்குப்படி.

"அக்கா, இந்த முறை எவ்வளவு நாளைக்கு?"

"சிறுபோகம் முடியும் வரைக்கும். ஆவணி நெல்லு வெட்டோட முடியும். பிறகு மாரிக் காலபோகக் கூட்டத்தில திரும்பக் கேக்கவேணும். அப்ப ஆர் என்ன சொல்லுவினமோ."

ஆகவே பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். வேலை நிரந்தரமாகும். ஆவணியில் முறை முடியும்போது அவன் மாற்றிய வரி வேலை செய்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வேலை செய்யாவிட்டால் கருவி கிளிநொச்சிக்குப் போகும். ஏற்கெனவே ஒரு மாதம் பார்க்காமலே நம்பியிருந்தான். இரண்டாம் தடவையும் அப்படிச் செய்ய அவன் தயாராக இல்லை.

முறை இல்லாத நேரத்தில், டொக்டர் மற்றப் பக்கத்தில் இருக்கும்போது, உண்மையான ஆட்களின் உண்மையான படங்களை அனுப்பிப் பார்க்க வேண்டும். டொக்டர் இருப்பது பத்திலிருந்து பன்னிரண்டு. முறை இருப்பதும் பத்திலிருந்து பன்னிரண்டு.

தண்ணீர் முறை பார்ப்பவர் சிற்றம்பலம். தேடிப் போனபோது வாய்க்கால் கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு மண்வெட்டியோடு நின்றார்.

"ஐயா, இண்டைக்கு ஒரு அரை மணித்தியாலம் கண் முறையை விடுங்கோ. எல்லாரையும் போனைத் திறந்து வீடியோ பாக்கச் சொல்லுங்கோ."

சிற்றம்பலம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "போன மாசம் பாக்கவேண்டாம் எண்டியள். இந்த மாசம் பாக்கச் சொல்லுறியள். தம்பி காலமை சாப்பிட்டதோ?"

அவன் விளங்கப்படுத்தினான். தன் பிழையையும் சொன்னான். ஒரு ஆளுக்குச் சொன்ன பிறகு அது கொஞ்சம் பாரம் குறைந்தது மாதிரி இருந்தது. சிற்றம்பலம் கடைசிவரை கேட்டார்.

"சரி, விளங்குது. ஆனால் ஏலாது."

"ஏன் ஐயா? அரை மணித்தியாலம்தானே."

"கூட்டத்தில வச்ச முறை. கூட்டம்தான் மாத்தவேணும். நான் வரம்பில நிண்டு மாத்தினால், நாளைக்கு ஒருத்தன் வந்து அரை மணித்தியாலம்தானே, மடையைத் திற எண்டுவான். நான் என்ன சொல்ல?" மண்வெட்டியால் ஒரு புல் கட்டியைப் பெயர்த்து எறிந்தார். "இந்த ஒரு மாசத்தில முறை உடைச்சது ஒரே ஒரு ஆள். என்ர மனிசி. கனடாவில பேரன் நடக்கத் தொடங்கிட்டான் எண்டு வீடியோவில பாத்தவா."

"என்ன செய்தியள்?"

"அந்தக் கிழமை எங்கட வயலுக்குக் கடைசித் தண்ணி. இன்னும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை."

திரும்பும் வழியில் ஜனார்த்தனன் இரண்டு வீட்டு வாசலில் நின்று கேட்டுப் பார்த்தான். ஒரு அம்மா படலைக்குள் நின்றபடி, "எங்களைப் பிடிச்சுக் குடுக்க வந்தனீரோ?" என்று கேட்டு நாயை அவிழ்க்கப் போனாள். போன் பாருங்கள் என்று கெஞ்சியும் பார்க்காத சனத்தை அவன் அன்றுதான் கண்டான்.

பதினொன்றே முக்காலுக்கு நிலையத்துக்கு வந்து வாங்கில் இருந்தான். ராஜினி கேட்டாள்: "என்னவாம்?"

"முறையை உடைக்கேலாதாம்."

"உடைக்கமாட்டினம்." அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "பன்னிரண்டுக்கு முறை முடியும் தானே. முடிஞ்ச உடன ஊர் முழுக்க ஒண்டாத் திறக்கும். ரண்டு மணித்தியாலமாப் பாக்காத எல்லாத்தையும் பாக்கும். அதைவிட நெரிசல் கிழமையில வேற இல்லை. இன்னும் நாலு பேர் இருக்கினம். அவையைப் பன்னிரண்டுக்குப் பிறகு அனுப்புவம். டொக்டரை இருக்கச் சொல்லுங்கோ."

அவன் ஒரு மணித்தியாலம் ஊர் சுற்றிக் கண்டுபிடிக்காததை அவள் படம் எடுத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் டொக்டரை இருக்கச் சொல்வதற்குச் சிவனேஸ்வரியைக் கூப்பிட வேண்டும். ஏன் என்று அவர் கேட்பார்.

கூப்பிட்டான். கேட்டார். சொன்னான். பிரதி எடுத்த கதை, மாற்றாத வரி, கண் முறை, எல்லாவற்றையும். வாயால் சொல்லும்போது அது அவன் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.



"அப்ப இந்த ஒரு மாசமா நான் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சது?"

"அது நான் செய்ததில்லை மிஸ். இந்தச் சனம் செய்தது."

"உமக்கு இதை நேற்றுத் தெரியுமோ?"

"சந்தேகம் இருந்தது. பாத்தது இண்டைக்குத்தான்."

பின்னணியில் டொக்டரின் குரல் என்னவென்று கேட்டது. சிவனேஸ்வரி போனைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு டொக்டரே போனை வாங்கினார். "எனக்கு ரண்டரைக்கு யாழ்ப்பாணத்தில கிளினிக். பன்னிரண்டரைக்கு நான் வாகனத்தில ஏறிடுவன். அதுக்குள்ள அனுப்பிறதை அனுப்புங்கோ."

நான்கு பேரில் முதல் ஆள் முத்துலிங்கம், லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுகிறவர். மருந்து விட்ட கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் கத்தினார்: "பன்னிரண்டு மணிக்குப் பிறகோ? சீனிக்காரனைப் பட்டினி போட்டுத்தான் சீனி பாக்கப் போறியளோ?"

"இந்தாங்கோ, பிஸ்கற்," என்றாள் ராஜினி.

"இனிப்பில்லாததோ?"

"இனிப்பில்லாததுதான்."

"அப்ப என்னத்துக்கு?" என்றபடி இரண்டு எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு ஆனது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாங்கில் இருந்தவர்களின் மடியில், சட்டைப் பைகளில், பக்கத்து வீட்டில் போன்கள் ஒவ்வொன்றாக மணி அடித்தன. மதகடியில் யாரோ பாட்டை உரக்கப் போட்டார்கள். திரையில் கோடு எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியது, இரண்டுக்கு இறங்கியது, பிறகு ஒன்றுக்குக் கீழே போய்த் தரையில் படுத்தது. ஜனார்த்தனன் பன்னிரண்டு ஐந்து வரை பொறுத்தான். நெரிசல் முழுதாக வரட்டும் என்று.

"அனுப்புங்கோ அக்கா."

பச்சைக் கோடு ஊர்ந்தது. ஒரு நிமிடத்தில் கால்வாசி. பக்கத்துக் கணினி அப்டேட் தேடி எழும்பியது. ரவுட்டர் அதைப் பிடித்துக் கடைசியில் நிறுத்தியது. வாங்கில் இருந்த ஒருவர் "என்ன இது, வீடியோ சுத்துது" என்று அலுத்துக்கொண்டார். ஜனார்த்தனனுக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. வரிசை வேலை செய்தது.

மூன்று நிமிடம் இருபத்தைந்து விநாடி. முத்துலிங்கத்தின் நான்கு படங்களும் போய்விட்டன.

உடனே கிளிநொச்சியிலிருந்து பதில். இடது கண் கலங்கல், திரும்ப எடுக்கவும். ராஜினி அடுத்த ஆளின் படத்தை அனுப்பிவிட்டு முத்துலிங்கத்தை மறுபடி கருவியின் தாங்கியில் நாடியை வைக்கச் சொன்னாள். "கண்ணை வெட்டாதேங்கோ. வெட்டினால் பிஸ்கற் இல்லை." எடுத்தாள். அனுப்பினாள். மூன்றாவது ஆள். நான்காவது ஆள். பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு எல்லாம் முடிந்தது. ஒன்றும் பாதியில் அறுந்துபோகவில்லை.

டொக்டர் கூப்பிட்டார். "அந்த முத்துலிங்கம், இடது கண்ணில இரத்தம் கசிஞ்சிருக்கு. திங்கட்கிழமை யாழ்ப்பாணத்துக்கு லேசருக்கு வரவேணும். வராமல் விட்டால் கண் போகும் எண்டு பேசிச் சொல்லுங்கோ." கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "நான் வெளிக்கிடுறன்."

ராஜினி முத்துலிங்கத்தின் முன்னால் போய் நின்று பேசிச் சொன்னாள். தன் தமையனின் பெயரையும் சொன்னாள். முத்துலிங்கம் பகிடி விடவில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

சிவனேஸ்வரி போனில் இருந்தார். "மூண்டரை நிமிசம்," என்றார். "அஞ்சுக்குள்ளதான். மிசின் அங்கேயே இருக்கட்டும்."

"ஓம் மிஸ்."

"உம்மட விசயம் திங்கட்கிழமை வந்து கதையும். மற்ற ரண்டு இடத்திலயும் அந்த வரியை மாத்திப்போட்டு வாரும்."

"அறிக்கையில முழுசா எழுதட்டோ?"

"எழுதாமல்? முறை இல்லாட்டி மூண்டரை நிமிசம், இந்த ஒரு மாசமா முறையோட வந்தது இருபது செக்கன். ரண்டையும் எழுதும். முறை வச்சது ஆர் எண்டும் எழுதும்."

அவன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ராஜினியிடம் போனான். நன்றி என்று சொன்னால் நாடகத்தில் சொல்வது போல இருக்கும். வேறு சொல்லும் வரவில்லை. "அக்கா, நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்காட்டி நான் முதல் கிழமையே பிடிபட்டிருப்பன்," என்றான்.

"மிசினும் போயிருக்கும்," என்றாள் அவள். "இனி முறை தேவையில்லை எண்டு சிற்றம்பலம் ஐயாட்டைச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

"சொன்னாலும் ஆவணி வரைக்கும் விடமாட்டார்."

ராசுவின் கடையில் மூன்று பேர் படிவங்களோடு வரிசையில் நின்றார்கள். மட்டை மேலே தொங்கியது. ஜனார்த்தனன் சிம்முக்கு டேட்டா போட்டுக்கொண்டு, போகாமல் நின்றான்.

"பெரிய உதவி அண்ணை. மறக்கமாட்டன்."

ராசு போட்டோக்கொப்பி மெசினிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒரு ரீலோட்டுக்கோ? இஞ்ச ஒருத்தரும் இவ்வளவு சொல்லுறேல்லை."

திங்கட்கிழமை சிவனேஸ்வரி அவனுக்கு நிரந்தரம் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். அது அவனுக்குச் சரியாகப் பட்டது. அதே திங்கள் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்கு லேசருக்குப் போய் வந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் தர்மபுரத்துக் கோட்டைத் திரையில் போட்டுவிட்டுச் சிவனேஸ்வரியைக் கூப்பிட்டான். "மிஸ், ஒருக்கா வந்து பாருங்கோ."

அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார். கோடு தரையில் கிடந்தது. பத்து ஆனது. எழும்பத் தொடங்கியது.

"இது ராசு அண்ணையின்ர கடை," என்றான் ஜனார்த்தனன், திரையில் விரலை வைத்து. கோடு இன்னும் ஏறியது. "இது ரியூசன் வகுப்பு. இது நாயை அவிழ்க்க வந்த அம்மா."

"இது?"

கோடு கடைசியாக ஒரு சின்ன எட்டு வைத்து உச்சிக்குப் போய் நின்றது.

"அது சிற்றம்பலம் ஐயாவின்ர மனிசி. இண்டைக்கும் பேரனைப் பாக்கேல்லை."